கிரீஸ் தின்ற கிளட்ச்

அந்தமானிலேயே சொந்தமாக ஸ்போர்ட்ஸ் கார் செய்து ஓட்டியவன் நான் ஒருவன்தான். பொய். செய்தது முக்கால்வாசி, ஓட்டியது கனவில். அதிலும் ஒருமுறை மரத்தில் இடித்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்த ஒரே தொழில் மீன்பிடி டிங்கிகளுக்கு இன்ஜின் ரிப்பேர். ஐந்தாம் வகுப்பை ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். காரின் சட்டத்தை இரும்புப் பைப்பில் வெல்டிங் வைத்துச் செய்தேன். மேல் உடம்புக்கு டிங்கிக்குப் போடுகிற அதே ஃபைபர். பத்துபஸ்தியில் எங்கள் தெரு வழியாகப் போகிறவர்களெல்லாம் எட்டிப் பார்த்து, "தண்ணியில எப்போ எறக்குறீங்க?" என்றுதான் கேட்டார்கள்.

கார் நிற்பது வீட்டுக்காரரின் ஷெட்டில். வங்காளி, நல்ல மனுஷன், ஆனால் மகனுக்குத் தண்ணி கேன் கடை வைக்க ஷெட் வேண்டும். போன வாரம் வந்து விரலை நீட்டினார்.

"சண்டே வரைக்கும் டைம், பாய். காடி தானா ஓடி என் கேட்டைத் தாண்டணும். தாண்டுச்சுன்னா பக்கத்துக் காலி ஜாகால வச்சுக்கோ. நஹி தோ கபாடிக்காரன் எடை போட்டு எடுத்துட்டுப் போவான்."

இத்தனை வருஷமாகப் பெண்டாட்டியின் திட்டை வாங்கி வாங்கி வளர்த்த வண்டி, பழைய இரும்புக் கடைக்கா? தூக்கமே போச்சு.

இன்ஜினும் கியர்பாக்ஸும் சென்னையிலிருந்து கப்பலில் வந்து, மழைக்காலம் முழுக்கப் பெட்டியிலேயே கிடந்தன. எங்கள் ஊரில் கப்பலை விட்டு இறங்குகிற இரும்புக்கு முதலில் கிரீஸ், பிறகுதான் நலம் விசாரிப்பு. இல்லாவிட்டால் உப்புக் காற்று ஒரே ராத்திரியில் சிவப்பாக்கிவிடும். வீட்டுத் தாழ்ப்பாளுக்கே மாதாமாதம் கிரீஸ் வைக்கிறவன் நான். பெட்டி வந்த அன்றே ஒவ்வொரு சாமானையும் வெளியே எடுத்து, கல்யாணப் பெண்ணுக்குச் சந்தனம் பூசுகிற மாதிரி தடவித் தடவி மறுபடி பெட்டியில் வைத்தேன்.

ஃபீனிக்ஸ் பே துறையில் கப்பல் வேலை பார்க்கிற மச்சான், என் பெண்டாட்டியின் தம்பி (அவனும் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவான்), செயின் புல்லியைத் தூக்கிக்கொண்டு வந்தான். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்து முடுக்கித் தொங்கவிட்டு இறக்கினோம். கியர் லீவர் வெளியே வருவதற்கு நான் வெட்டிய ஓட்டை ஒரு பக்கம், லீவர் இன்னொரு பக்கம். மறுபடி ஏற்று, அறு, இறக்கு. என் கட்டைவிரல் நகம் கருத்துப்போனதுதான் மிச்சம்.

சாவியைத் திருப்பினேன். உறுமியது பாருங்கள்! டீ கிளாஸோடு வீட்டுக்காரரே வந்து நின்றார். முதல் கியர் போட்டு மிதித்தேன். சத்தம் ஏறியது, புகை ஏறியது, வண்டி மட்டும் எருமை மாதிரி நின்றது.

"ஆவாஸ் ரோட்டுக்குப் போயிடுச்சு, பாய். காடி கப் ஜாயேகா, எப்போ போகும்?" என்று கேட்டுவிட்டு அவர் டீயை உறிஞ்சினார்.

மச்சான் என்னைப் பார்த்த பார்வையே சரியில்லை.

"மச்சான், உண்மையைச் சொல்லுங்க. கிளட்ச் பிளேட்டுக்கும் கிரீஸ் போட்டீங்களா?"

"அது மட்டும் என்ன, ஏரோப்ளேன்லயா வந்துச்சு?"

"யா அல்லாஹ்! அது உரசிப் புடிக்கிற பிளேட்டு! அதுல கிரீஸ் இருந்தா இன்ஜின் மட்டும் சுத்தும், சக்கரம் எப்படிச் சுத்தும்? யாராவது கை நெறைய எண்ணெயத் தடவிக்கிட்டு கயிறு இழுப்பாங்களா?"

நான் ரிப்பேர் பார்க்கிற டிங்கிகளில் இந்தப் பிளேட்டே கிடையாது. எனக்கு எப்படித் தெரியும்? தெரியாததைத்தானே நான் தைரியமாகச் செய்வேன்.

கடைகளில் புதுப் பிளேட் கேட்டால், "அடுத்த ஷிப்ல வரும்" என்றார்கள். பூட்டிய போல்ட் எல்லாவற்றையும் கழற்றி, இன்ஜினை மறுபடி தூக்கி, பிளேட்டைப் பெட்ரோலில் கழுவிக் கூரையில் காயவைத்தேன். மழை வந்தது. துடைத்து வைத்தேன். திரும்பவும் வந்தது. வானத்தைப் பார்த்து நான் சொன்னதை இங்கே எழுத முடியாது.

இன்று ஞாயிறு. விடிந்ததிலிருந்து கியர்பாக்ஸை இன்ஜினோடு சேர்க்கிறோம், சேரவில்லை. கியர்பாக்ஸ் தண்டு பிளேட்டின் நடு ஓட்டையில் நுழைந்து உள்ளே போக வேண்டும். இரண்டு விரல் இடைவெளியில் முறைத்துக்கொண்டு நிற்கிறது. "லெஃப்ட்ல தூக்குங்க மச்சான்! அது உங்க லெஃப்ட்டா?" என்று மச்சான் கத்தியே தொண்டை கட்டிப்போய் டீக்கடைக்குப் போய்விட்டான். ஸ்பேனரைத் தூக்கி எறிந்துவிடுவேனோ என்று பயந்துதான் நான் பேனாவை எடுத்தேன்.

அவன் போகுமுன் ஒரு காரியம் செய்து பார்த்தோம். நான் அடியில் மல்லாந்து படுத்து, கியர்பாக்ஸை நெஞ்சில் வாங்கிக்கொண்டு முழங்காலால் உந்தினேன். இரண்டு விரல் ஒரு விரலானது. 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது. மச்சான் குனிந்து பார்த்து, "அப்படியே இருங்க, மூச்சு விடாதீங்க, இன்னும் கொஞ்சம்" என்றான். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடைசியாக ஒரே ஒரு

"ஏங்க! எழுதிக் கிழிச்சது போதும், வெளிய வாங்க! வீட்டுக்காரரு கபாடிக்காரனையும் கூட்டிட்டு வந்துட்டாரு!"

"சாயங்காலம் வரைக்கும் சண்டேதான்னு சொல்லு!"

"நீங்களே வந்து சொல்லுங்க, அவன் தராசை எறக்குறான்!"