வாய் திறக்காத செயற்கைக்கோள்

நாங்கள் அனுப்பிய செயற்கைக்கோள் ஒரு ரொட்டிப் பொட்டலம் அளவுதான் இருக்கும். மேலே போன நாளிலிருந்து அது பேசவே இல்லை. தரையோடு பேசுவதற்கென்று அதற்குள் இருக்கும் குட்டிக் கணினிக்கு மென்பொருள் எழுதிய குழுவில் நானும் ஒருவன். அதனால் பார்ப்பவர்களெல்லாம் என்னிடம் துக்கம் விசாரித்தார்கள். தேக்கா சந்தையில் காய்கறி வாங்கப் போனால்கூடப் பக்கத்து வீட்டுக்காரர் நிறுத்தி, "என்ன ஆச்சு, ஏதாவது சிக்னல் வந்துச்சா?" என்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

வெள்ளிக்கிழமை கூட்டம். அதற்குள் சத்தம் வராவிட்டால் செத்துவிட்டதாக எழுதித் திட்டத்தையே மூடிவிடுவார்கள். பல வருட உழைப்பு. பொங்கோலிலிருந்து வரும் ரயிலில் நின்றுகொண்டே தூங்க நான் பழகியிருந்தேன்.

புதன்கிழமை மத்தியானம், கூட வேலை பார்க்கும் அக்கா மேசையிலிருந்த இன்னொன்றை இயக்கினார். மேலே போனதன் அச்சு அசல் நகல் அது. உடனே பேசியது.

"இங்க நல்லாத்தானே பேசுது," என்றார் சலிப்போடு.

"இப்ப என்ன டைப் பண்ணீங்க?"

"ஸ்கிப் கமாண்ட். எப்பவும் அடிக்கிறதுதானே. முக்கால் மணி நேரம் யாரு உக்காந்திருக்கிறது லா?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

ராக்கெட்டிலிருந்து பிரிந்ததும் முக்கால் மணி நேரம் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. சோதனையில் அதற்குக் காத்திருக்க எங்களில் யாருக்கும் பொறுமை கிடையாது. அந்த ஸ்கிப் கட்டளையால் தாண்டித் தாண்டியே, மேலே அப்படி ஒரு காத்திருப்பு இருப்பது மறந்துவிட்டது. மேலே பேட்டரி தகராறு செய்து கணினி அடிக்கடி அணைந்து எழுந்தால்? எழும்போதெல்லாம் இப்போதுதான் பிரிந்தோம் என்று நினைத்து முதலிலிருந்து காத்திருக்கும். காத்து முடிவதற்குள் மறுபடி அணையும். நாங்கள் கூப்பிடுவது அதன் காதில் விழும், பதில் மட்டும் வராது.

அடுத்த முறை அது சிங்கப்பூருக்கு மேலே வந்தபோது அந்தக் கட்டளையை அனுப்பினோம். அனுப்பிய கையோடு திரையில் வரிகள் ஓடின. பேட்டரி பலவீனம், மற்றதெல்லாம் நலம்.

அக்கா அழுதுவிட்டார். நான் நாற்காலியில் சாய்ந்தேன். இனி மூட மாட்டார்கள். அது தலைக்கு மேலே வரும்போதெல்லாம் யாராவது உட்கார்ந்து அதைப் பேசவைக்க வேண்டும். எனக்குச் சந்தோஷமே வரவில்லை. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கலாம் என்று உள்ளுக்குள் எவ்வளவு ஆசைப்பட்டிருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.