குறுக்கு ஒயர்

“நான் பேசுறது யார் காதுலயாவது விழுதா?”

டைப்பிஸ்ட் அக்கா இதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்வாங்கன்னு எண்ண, கைவிரல் கால்விரல் ரெண்டும் பத்தாது. வீட்டுல அடுப்பைப் பாத்துச் சொல்வாங்க, பஸ்ஸுல கண்டக்டர் முதுகைப் பாத்துச் சொல்வாங்க. கோபத்துல இல்ல, கோபப்படவும் தெம்பு வேணுமே.

அக்கா வேலை பாக்குற வக்கீல் ஆபீசுல பழைய கம்ப்யூட்டர் ஒரு வாரமா மேடு ஏறுற லாரி மாதிரி முனகுது. பிளாப்பி போடுற வாய் எப்பவோ செத்துப் போச்சு. உள்ள எட்டு வருஷக் கேஸு, அத்தனையும் அக்கா அடிச்சது. அது மூச்சை நிறுத்துறதுக்குள்ள கேபிள் வழியா புது கம்ப்யூட்டருக்கு ஏத்தணும். இல்லன்னா வீங்கின மணிக்கட்டோட எட்டு வருஷத்தையும் மறுபடி தட்டணும்.

காலையில கேபிளை மாட்டி, ரெண்டு பக்கமும் இருக்குறதுலயே பெரிய வேகத்தை வச்சாங்க. எதிர்ப்பக்கம் பதில் இல்லன்னு திரை சொல்லுச்சு. கழட்டினாங்க, ஊதினாங்க, மாட்டினாங்க. அதே பதில்.

வக்கீல் எட்டிப் பாத்தார். “அதிவேகம்னு சொன்னியேம்மா? எங்க மாமனார் படியேறுற வேகமால்ல இருக்கு!”

அப்பதான் அக்காவுக்குப் பொறி தட்டுச்சு. முனை ஆடுதுன்னு நேத்து கேபிளை வீட்டுக்குக் கொண்டுபோய், ரேடியோ ரிப்பேர் பண்ற தன் வீட்டுக்காரர்கிட்ட குடுத்திருந்தாங்க. போன் போட்டாங்க.

“ஏங்க, கேபிளை என்ன பண்ணினீங்க?”

“ஈயம் வச்சுப் பத்தவச்சேன்!” பரிசு வாங்கப் போற ஆள் மாதிரி தொண்டையைக் கனைச்சார். “உள்ள ரெண்டு ஒயர் இடம் மாறிக் கெடந்துச்சு. எந்தக் கழுதை பண்ணின வேலையோ. நேராக்கிட்டேன்.”

“அது மாறித்தாங்க இருக்கணும்! இந்த கம்ப்யூட்டரோட பேசுற ஊசி அந்த கம்ப்யூட்டரோட கேக்குற ஊசிக்குப் போகணும். நேரா விட்டா ரெண்டும் பேசிட்டே இருக்கும், கேக்க ஆளிருக்காது.”

மனுஷன் பத்தவைக்கிற கம்பியோட ஓடி வந்தார். ஒயரை மறுபடி மாத்தினார். திரையில ஃபைல் பேரு ஒண்ணொண்ணா நகர ஆரம்பிச்சுச்சு. முக்கால் மணி நேரம் அக்கா கண்ணை எடுக்கல. கடைசி ஃபைல் போய்ச் சேந்துச்சு. பழசு ஒரு தடவை விக்கி, அடங்கிப் போச்சு.

வீட்டுக்காரர் நெத்தியைத் துடைச்சார். “இதை நேத்தே சொல்லியிருக்கக் கூடாதா?”

அக்கா மணிக்கட்டை மேஜை மேல சாய்ச்சாங்க.

“சொன்னேங்க. நான் சொல்றப்ப நீங்களும் பேசிட்டு இருந்தீங்க. இருபது வருஷமா நமக்கு நேர் ஒயருதான். போய்ட்டு வாங்க, சாயந்தரம் மாத்திக்கலாம். நான் பேசுறேன், நீங்க கேளுங்க.”