ஞாயிற்றுக்கிழமை டோக்கன்

டாக்டர் பெண்டாட்டி என்று தெருவே அவளைக் கொண்டாடியது. கொண்டாடி என்ன செய்ய? தபால் நிலையக் கவுண்டரில் ஆறு நாளும் உட்காருகிறவளுக்கு ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு. அதையும் கணவர் போகிற இலவச மருத்துவ முகாம் கொண்டுபோய்விடும்.

"ஊருக்கு உழைக்கிற டாக்டருக்கு வரியில சலுகை தர்றாங்க. அதை விட்டுடலாமா?" என்பார் கணவர். வரியின் மேல் பழியைப் போட்டுவிட்டு, அவளும் ஞாயிறுகளில் தனியாகச் சாப்பிடப் பழகியிருந்தாள்.

போன மாதம் ஆடிட்டர் வீட்டுக்கே வந்து சொன்னார்: "போதும் டாக்டர். இந்த வருஷச் சலுகை முழுசும் கிடைச்சாச்சு. இனிமே போனாலும் வரி சல்லிக்காசு குறையாது."

அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. அடுத்த ஞாயிறு இரண்டு பேருக்கும் சேர்த்துச் சமைத்தாள். அவரோ வழக்கம்போல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வரியின் மேலும் இனி பழி போட முடியாது.

இன்று அவளும் முகாமுக்குப் போனாள். பள்ளிக்கூட வராந்தாவில் டோக்கன் வாங்கி, இருமுகிறவர்களுக்கு நடுவே பெஞ்சில் காத்திருந்து, முறை வந்ததும் அவருக்கு எதிரே போய் அமர்ந்தாள். எழுதிக்கொண்டிருந்தவர் தலை நிமிரவில்லை.

"என்ன பண்ணுது?"

"சாப்பாடு இறங்கலை."

"எத்தனை நாளா?"

"ஆடிட்டர் போதும்னு சொன்னதிலேருந்து."

பேனா நின்றது. அவர் நிமிர்ந்து பார்த்து, ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் அவளுக்குப் பின்னால் நின்ற பெரியவர், "சீக்கிரம் சொல்லும்மா. எங்களுக்கும் வாரத்துல இந்த ஒரு நாள்தான்" என்றார்.