பட்டுக்கடைச் சுவரில் இரண்டு வரி

என் அப்பா ஆரணி பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். காலேஜ் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த நான் பகல் முழுக்க அங்கேதான் இருப்பேன். ஃபிலிம் கழுவுவது, பிரிண்ட் போடுவது எல்லாம் என் பொறுப்பு. டிஜிட்டல் கேமரா மெட்ராஸில் வந்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். எங்கள் பக்கம் இன்னும் ரோல்தான்.

ஒருநாள் காலை கடையைத் திறந்து ஊதுபத்திகூட ஏற்றவில்லை, ஸ்டேஷன் ஏட்டு வந்து நின்றார்.

"சார், கேமராவ எடுத்துகினு ஜல்தி வாங்க. பட்டுக்கடையில திருட்டு. எஸ்.ஐ. உங்களத்தான் கூட்டியாரச் சொன்னாரு."

போலீசுக்குப் படம் எடுத்துக் கொடுப்பது அப்பாவுக்குப் பழக்கம்தான். லாரி மோதல், கிணற்றில் விழுந்தவர்கள் என்று எத்தனையோ எடுத்திருக்கிறார். ஆனால் அன்று திரும்பி வந்தபோது அவர் முகமே வேறு மாதிரி இருந்தது. "மொதல்ல இத்தக் கழுவும்மா" என்று ரோலைக் கையில் கொடுத்தார்.

கடையின் பின்கதவை உடைத்து, ஒரு கல்யாண வீட்டுக்காக எடுத்து வைத்திருந்த முகூர்த்தப் புடவைகளை மட்டும் யாரோ கொண்டுபோயிருந்தார்கள். கல்லாவைத் தொடவில்லை. போகும்போது சாயப்பொடியைக் குழைத்து, உள்சுவரில் இரண்டு வரி எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். அது எந்த மொழி என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

டார்க் ரூமின் சிவப்பு வெளிச்சத்தில், தட்டுக்குள் கிடந்த தாளில் அந்த எழுத்துகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து வந்தது இன்றைக்கும் கண்ணிலேயே நிற்கிறது. வால் வைத்த வட்டம் ஒன்று. ஏணி மாதிரி ஒன்று. தலைகீழாகக் கவிழ்த்த 'ழ' போல ஒன்று. அவசரத்தில் கிறுக்கியதாகத் தெரியவில்லை. நிறுத்தி நிதானமாக, வரி கோணாமல் எழுதிய கை அது.

எஸ்.ஐ. இளவயதுக்காரர், ஊருக்குப் புதிது. அப்பா ஒரு யோசனை சொன்னார். படத்தைப் பெரிதாகப் போட்டு ஸ்டுடியோ கண்ணாடிக்குள் மாட்டிவைத்தால் தெரிந்தவர் யாராவது வந்து சொல்லலாம் அல்லவா? எஸ்.ஐ. தலையாட்டினார். கல்யாண ஜோடிகளின் படங்களுக்கு நடுவே அந்த இரண்டு வரியும் ஏறிக்கொண்டது.

ஊரே வந்தது. எங்கள் ஊரில் தறிக்குத் தறி ஒரு பாஷை உண்டு. ஒரு வீட்டில் தெலுங்கு, அடுத்த வீட்டில் சௌராஷ்டிரம், இரண்டு தெரு தள்ளினால் உருது. சௌராஷ்டிரப் பெரியவர் ஒருவர் கண்ணாடியில் மூக்கு ஒட்ட நின்று பார்த்துவிட்டு, "எங்க எழுத்து மாதிரிதான் கீது, ஆனா எங்க எழுத்து இல்ல" என்றார். உருது வாத்தியார் வலப்பக்கம் இருந்து படித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கும் அம்மாள் ஒருவர் சுருக்கெழுத்துப் புத்தகத்தோடு வந்து ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தார். ஜோசியக்காரர் ஒருவர் கிரகக் குறிகள் என்றார். ஸ்கூல் விட்டு வரும் பிள்ளைகள் அந்த எழுத்தில் தங்கள் பெயரை எழுதக் கற்றுக்கொண்டார்கள். அப்பா எல்லாருக்கும் டீ சொல்வார். அத்தனை பேர் சேர்ந்து ஒரு விஷயத்தை யோசித்ததை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

அந்தக் கலகலப்பு ரொம்ப நாள் நிற்கவில்லை. பட்டுக்கடைகளில் புடவைச் சீட்டில் அடக்கவிலையை எண்ணாகப் போடமாட்டார்கள். எண்ணுக்குப் பதில் எழுத்து. எந்த எழுத்துக்கு எந்த எண் என்பது கடை ஆட்களுக்கு மட்டும் தெரியும். பேரம் பேசும்போது எதுவரை இறங்கலாம் என்று பார்த்துக்கொள்ள அது. இதை யாரோ எஸ்.ஐ. காதில் போட்டார்கள். ரகசிய எழுத்து என்றால் கடை ஆள் வேலைதான் என்று முடிவாயிற்று. அந்தக் கடையில் சீட்டு எழுதுகிறவர் முள்ளிப்பட்டிலிருந்து வந்துபோகும் ஒரு சேல்ஸ்மேன். ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார்கள்.

அடிக்கவில்லை. சுவரில் இருந்ததைப் பேப்பரில் எழுதச் சொன்னார்கள். எழுதி முடித்தால் மறுபடி எழுது என்றார்கள். கையெழுத்து ஒத்துவருகிறதா என்று பார்த்தார்களாம். ஒத்துவரவில்லை. அனுப்பிவிட்டார்கள். ஆனால் கடையில் திரும்பச் சேர்க்கவில்லை. பேசி வைத்திருந்த பெண் வீட்டார், "கொஞ்ச நாள் போவட்டும்" என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும்.

ஒரு சாயங்காலம் அவர் ஸ்டுடியோ வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"சார், அந்தப் போட்டோவ எடுத்துடுங்க. ஜனங்க அத்தப் பாத்துட்டு, அப்புறம் என்னப் பாக்கறாங்க."

அப்பா ஸ்டூலை இழுத்துப் போட்டார். "உள்ள வாப்பா. எடுத்துட்டா யாரு படிக்கறது? யாராச்சும் படிச்சாத்தானே உம்மேல இருக்கற பேரு போவும்?"

"யாரும் படிக்கலன்னா?"

"நாம படிப்போம்."

அப்படித்தான் அவர் வர ஆரம்பித்தார். வீட்டுத் தறியில் உட்கார்ந்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் டவுன் பஸ் பிடித்து வருவார். நெகட்டிவ் பார்க்கும் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் அந்தப் படத்தின் மேல் குனிந்திருப்போம். அடிக்கடி வரும் குறி எது, வரிக் கடைசியில் வருவது எது என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ் எழுத்தைப் பொருத்துவோம். ஒருநாள் எப்படியோ முதல் வரி 'மாமா மோர் மாமா' என்று வந்தது. நான் சத்தமாகப் படித்தேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஸ்டேஷனுக்குப் போய்வந்த பிறகு அவர் சிரித்தது அன்றுதான் என்று பின்னால் சொன்னார்.

வெளியே பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடும் சத்தம், 'சேவூர் சேவூர்' என்று. அறைக்குள் படம் கழுவும் ஹைப்போ மருந்தின் புளித்த வாடை. நடுவில் இரண்டு டீ கிளாஸ். என் வயதுக்காரிகள் சினிமாவுக்குப் போனார்கள், கோயிலுக்குப் போனார்கள். நான் ஒரு திருடனின் கையெழுத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அதைவிட நல்ல சாயங்காலங்கள் எனக்கு அமைந்ததில்லை. நாங்கள் எழுத்தைப் பற்றிப் பேசுவது குறைந்து, வேறு பேச்சு கூடிக்கொண்டே போனது அப்பாவுக்குத் தெரியாமல் இருக்குமா? அவர் அந்த நேரம் பார்த்து டீக்கடைக்குப் போய்விடுவார்.

கல்யாணப் பேச்சு எழுந்ததும் பெரியப்பா வீட்டுக்கு வந்து குதித்தார். "போலீஸ் ஸ்டேஷன் ஏறினவனுக்கா பொண்ணு குடுப்ப? ஊர்ல இன்னா பேசிகினு இருக்காங்க தெரியுமா?"

"தெரியும்" என்றார் அப்பா. "அவன் ஏறல, ஏத்தினாங்க. ஒரு வருஷமா எங்கூட உக்காந்துகினு இருக்கான். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, யாரையாவது குத்தம் சொல்லி நான் கேக்கல. எனக்கு அது போதும்."

பெரியப்பா சாப்பிடாமல் போய்விட்டார். கல்யாணத்துக்கு மட்டும் வந்தார். பட்டுக்கடை முதலாளிக்கும் பத்திரிகை வைத்தோம். அவர் வரவில்லை.

புடவைகள் கிடைக்கவே இல்லை. எஸ்.ஐ. மாற்றலாகிப் போனார். அதற்குப் பிறகு வந்தவர்கள், கண்டுபிடிக்க முடியவில்லை என்று வழக்கை முடித்துவிட்டார்கள். அப்பா காலமானதும் ஸ்டுடியோவைக் காலி செய்துகொண்டு, சேவூரில் வீடு கட்டிக் குடிவந்தோம். போன வருஷம் எங்கள் மகள் அந்தப் பழைய பிரிண்டைப் போனில் படம் பிடித்து, துப்பு துலங்காத வழக்குகளைப் பேசும் ஏதோ ஒரு குழுவில் போட்டாள். எந்தெந்த நாட்டிலிருந்தோ பதில் வந்தது. ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒன்றும் ஒட்டவில்லை. "உலகத்துல படிக்கவே முடியாத கேஸ் எவ்ளோ இருக்கு தெரியுமாம்மா? நம்மளது ரொம்பச் சின்னது" என்று என்னைத் தேற்றினாள். தேறுவதற்கு எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது?

இந்தத் தை மாதம் என் கணவருக்குப் போன் வந்தது. பட்டுக்கடை முதலாளி. எங்கள் நம்பரை எங்கே பிடித்தாரோ.

"கடைய இடிச்சிக் கட்டறாங்கப்பா பசங்க. சுண்ணாம்பச் சொரண்டினா அந்தச் சாயம் இன்னும் கீது. நீ ஒரு தபா வந்துட்டுப் போ."

இருவரும் போனோம். சரக்கெல்லாம் எடுத்துவிட்ட கடை பெரியதாகத் தெரிந்தது. முதலாளிக்கு எண்பதுக்கு மேல் இருக்கும். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சுவரில் வெளிறிய சிவப்பில் முதல் வரி பாதி தெரிந்தது. இத்தனை வருஷமாகக் கறுப்பு வெள்ளையில் பார்த்ததை அன்றுதான் நான் அதன் சொந்த நிறத்தில் பார்த்தேன்.

"யாருன்னு எனக்கு இன்னிக்கும் தெரியலப்பா" என்றார் முதலாளி.

"எனக்கும் தெரியலைங்க."

"நீ இல்லன்னு தெரியும். அப்பவே தெரியும். ஸ்டேஷன்ல வந்து சொல்லியிருக்கணும். கடைப் பேரு கெட்டுடும்னு பயந்துகினு வாய மூடிகினேன்." மகன்களையும் வேலையாட்களையும் கூப்பிட்டார். "இவரு நம்ம கடையில இருந்தவரு. நல்லவரு. எல்லாரும் கேட்டுக்கங்க."

வேலையாட்கள் எதற்கென்று புரியாமல் தலையாட்டினார்கள். என் கணவர் நாற்காலியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "கால் வீங்கி இருக்கே, டாக்டரப் பாத்தீங்களா?" என்று கேட்டார். முதலாளி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். காபி வந்தது. குடித்துவிட்டு, பழைய வாடிக்கைக்காரர்களில் யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்று இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

வெளியே வந்ததும், "பசிக்குது" என்றார் என் கணவர். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெஸ்ஸுக்குள் போனோம். பொதுவாக அளந்து சாப்பிடுகிற மனிதர், அன்று குழம்புச் சோறு இரண்டு முறை வாங்கினார். ரசம் ஊற்ற வந்தவரிடம், "ரசத்துக்கும் கொஞ்சம் சோறு போடுங்க" என்றார்.