கனகராஜும் இடக்கை எண்ணெயும்

தன் இடக்கை எது என்று யோசித்துச் சொல்லவேண்டிய ஒருவர், இடதையும் வலதையும் பிரிக்கும் வேலையில் இருபத்திரண்டு வருடம் எப்படித் தாக்குப்பிடித்தார்?

ஈப்போவில் கனகராஜ் கார் ஓட்டும்போது மனைவி விமலா இடம் வலம் என்று சொல்வதில்லை. "என் பக்கம் திருப்புங்க", "உங்க பக்கம்" என்பதோடு சரி. அப்படியிருந்தும், காம்பாரில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பியவர்கள் சிம்பாங் பூலாயில் தவறாகத் திரும்பி, கேமரன் மலையில் பாதி ஏறிய பிறகுதான் குளிர் உறைத்தது.

வாசனை எண்ணெய்களைச் சோதிக்கும் தனியார் கூடம் ஒன்றில் அவர் டெக்னீஷியன். சில மூலக்கூறுகள் நம் இரண்டு கைகளைப் போன்றவை. எடையும் கொதிநிலையும் ஒன்றே, ஆனால் ஒன்று மற்றதன் கண்ணாடி பிம்பம். எண்ணெயை ஆவியாக்கி, முடி போன்ற முப்பது மீட்டர் குழாய்ச் சுருளுக்குள் அனுப்புவார்கள். உள்ளே இருக்கும் பூச்சு ஒரு கையைச் சற்றுக் கூடுதலாகப் பிடித்துவைக்கும். மறு கை முந்தி வந்துவிடும். ஆகவே கனகராஜுக்கு இடம் வலம் தெரியவேண்டியதில்லை, முந்தியது எது என்று தெரிந்தால் போதும். அவரிடம் இரண்டு சுருள்கள் இருந்தன. ஒன்றில் இடக்கை முந்தும், மற்றதில் வலக்கை. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள்; அடையாளம், ஒட்டியிருந்த சீட்டுதான்.

ஆயுத பூசையன்று சுருள்களைக் கழற்றி வாழையிலையில் வைத்துச் சந்தனம் பூசினார். பொட்டு வைக்கத் தட்டையான இடம் சீட்டு மட்டுமே. மறுநாள் ஒன்றை எடுத்து மாட்டினார். மாட்டியதும் தெரிந்த எண்ணெய் ஒன்றை ஓட்டிப் பார்ப்பது விதி. பூசை போட்ட இயந்திரத்தைச் சந்தேகப்பட அவருக்கு மனம் வரவில்லை.

அந்த வாரம் வந்தது ராக்காயியின் புட்டி. பழைய ரப்பர் தோட்டம் ஒன்றில், தோம்யாம் சூப்பில் போடும் லீமாவ் பூருட் எலுமிச்சை இலையிலிருந்து எண்ணெய் வடிப்பவர் அவர். அந்த இலையில் இருப்பது வாசனை மூலக்கூறின் இடக்கை. கொசு விரட்டும் செராய் வாங்கிப் புல்லில் இருப்பது அதன் வலக்கை, விலையும் மலிவு. 'செராய் வாங்கி கலந்தது' என்று அறிக்கை போனது. எண்ணெயை வாங்கவிருந்த சவர்க்கார நிறுவனம் ராக்காயியின் முதல் ஆர்டரை நிறுத்திவைத்தது.

மூன்றாம் நாள் ராக்காயி ஒரு கட்டு இலையோடு வந்து மேசையில் போட்டார்.

"தம்பி, மோந்து பாருலா. இதுல எங்க இருக்கு செராய்?"

"அக்கா, மூக்கை வச்சு ரிப்போட் எழுத முடியாது."

"மெசினை வச்சு மட்டும் நல்லா எழுதிட்டியாக்கும். இப்ப என் முன்னாடியே போடு."

கனகராஜ் இலையைக் கிள்ளிப் புட்டியில் மூடிச் சூடாக்கி, எழுந்த ஆவியை ஊசியில் இழுத்துச் செலுத்தினார். மூவரும் திரையைப் பார்த்தார்கள். மூன்றாமவர் முதலாளி சிவானந்தன். மீண்டும் செராய் வாங்கி.

"இனி மரமே கலப்படம் எண்டு எழுதப் போறீரோ?" என்றார் சிவானந்தன்.

கனகராஜ் இயந்திரத்தை ஆறவிட்டுத் திறந்து, சீட்டிலிருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினார். மாட்டியிருந்தது மற்ற சுருள்.

"என்ன தம்பி, சாமி கண்ணை மறைச்சிருச்சா?"

"சாமி மேல பழி போடாதீங்கக்கா."

சுருளை மாற்றி, இந்த முறை விதிப்படி சோதித்துவிட்டு, இலையையும் எண்ணெயையும் மறுபடி ஓட்டினார். இரண்டும் சுத்தமான இடக்கை.

ராக்காயி போனதும் சிவானந்தன் கதவைச் சாத்தினார். "இயந்திரக் கோளாறு எண்டு எழுதிவிடும். ஒருத்தரும் கேக்கப் போறதில்லை. உம்மட பேரும் தப்பும், என்ர கடையும் தப்பும்."

"சரிங்க சார்" என்றார் கனகராஜ்.

பிறகு உட்கார்ந்து தட்டச்சு செய்தார்: 'இயந்திரத்தில் கோளாறு எதுவும் இல்லை. சீட்டின் மேல் சந்தனம் பூசியவனும், சோதிக்காமல் மாட்டியவனும் நானே.' கீழே முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டு, சவர்க்கார நிறுவனத்துக்கு அனுப்பினார். அடுத்த வாரம் ராக்காயிக்கு ஆர்டர் கிடைத்தது. சிவானந்தன் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள், ஏன் அப்படி எழுதினீர் என்று கேட்டார். விமலாவும் கேட்டார். இருவருக்கும் ஒரே பதில்தான்: "பூசை போட்ட மெசின் மேல பழி போட மனசு வரல."