இருபத்துநாலு நொடிக்காரி

ஆட்டம் உள்ள நாளில், மத்தியானம் ஒரு மணிக்கு மேல் அக்கா ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். மூன்று மணிக்கு மேசையில் உட்கார்ந்தால் ஐந்து வரை எழுந்திருக்கக் கூடாது. நாக்கு உலர்ந்தாலும் சரி, முதுகு ஒடிந்தாலும் சரி, வலது கட்டைவிரல் பொத்தானை விட்டு நகராது. "தண்ணி குடிச்சா எழுந்திருக்கணும். நான் எழுந்திருக்கிற நேரம் பாத்துத்தான் எவளாவது பந்தைப் போடுவா" என்பார்.

பெண்கள் கூடைப்பந்து லீகில் அவருக்கு 'இருபத்துநாலு அக்கா' என்று பெயர். "வயசு அம்பத்திரண்டு, பேரு மட்டும் இருபத்துநாலு. குடுத்து வச்சவம்மா நீ!" என்று பக்கத்து நாற்காலிக்காரர் கிண்டலடிப்பார். அவர் பெரிய கடிகாரத்தை ஓட்டுகிறவர். மொத்த ஆட்ட நேரம் அவர் பொறுப்பு. அக்காவுடையது சின்னக் கடிகாரம். ஓர் அணியின் கைக்குப் பந்து வந்தால் இருபத்துநாலு நொடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். எறிந்த பந்து இரும்பு வளையத்தில் பட்டுத் திரும்பி அதே அணிக்குக் கிடைத்தால் இன்னும் பதினாலு நொடி உண்டு. வளையத்தில் படாமல் போனால் ஒன்றும் கிடையாது, மிச்சமிருந்த நொடிதான் ஓடும். பட்டதா, படவில்லையா? பத்தொன்பது வருடமாக அக்காவின் பிழைப்பு இந்த ஒரு கேள்விதான்.

பிழைப்பு என்று சொல்வதும் சரியில்லை. சோறு போடுவது பரிசோதனைக் கூடம். காலை ஆறு மணிக்கே போய், ரத்தம் கொடுத்தவர்களுக்கு முடிவுத் தாளை எடுத்துக் கொடுக்கும் ஜன்னலில் உட்கார வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் பாதி நாள் உண்டு. "ரிப்போர்ட் இன்னும் வரலைங்க, உக்காருங்க" என்பதை நூறு தடவை சொல்லி, நூறு பேரின் முறைப்பை வாங்கிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி அரங்கத்துக்கு வரும்போது அக்கா பாதி ஆளாகத்தான் வருவார். மேசைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய பாதத்தைச் சில்லென்ற தரையில் வைப்பார். "அப்பாடா" என்று ஒரு சத்தம் வரும். அதோடு சரி.

இதில் வேடிக்கை என்னவென்றால், இத்தனை வருடத்தில் அவர் ஓர் ஆட்டத்தைக்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை. கண் வளையத்தை விட்டு இறங்கினால்தானே! போன வாரம் இறுதித் தொடரின் மூன்றாவது ஆட்டம் முடிந்து வீடு திரும்பியதும் கணவர் ஆசையாகக் கேட்டார், "அந்த நெட்டைப் பொண்ணு இன்னிக்கு பின்னிட்டாளாமே?"

"எந்த நெட்டை?"

"சரியாப் போச்சு. யாரு ஜெயிச்சதுன்னாவது தெரியுமா?"

"போர்டுல போட்டிருந்தாங்க. உங்க கதையை இருபத்துநாலு நொடிக்குள்ள முடிங்க, நான் படுக்கணும்."

கணவர் கோபித்துக்கொள்ளவில்லை. அவருக்கு வேறு மகிழ்ச்சி இருந்தது. தொடரில் ஐந்து ஆட்டம், மூன்று ஜெயித்தால் கோப்பை. ஐந்தாவது வரை போனால் கடிகாரத்துக்கு யார் என்ற பட்டியல் அன்றைக்குத்தான் வந்திருந்தது, அதில் அக்காவும் இருந்தார். பத்தொன்பது வருடத்தில் கோப்பையைத் தீர்மானிக்கும் ஐந்தாவது ஆட்டம் ஒன்றுகூட அவருக்குக் கொடுக்கப்பட்டதில்லை. கொடுக்கிற இடத்தில் ஆள் தெரிய வேண்டும், அக்காவுக்கு யாரைத் தெரியும்? "ஒரே ஒரு தடவை அந்த நாற்காலியில உக்காந்துட்டேன்னா போதும், அப்புறம் கடையை மூடிருவேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தவர். கணவர் லீவு போட்டு, முன்வரிசையில் இடமும் பிடித்துவிட்டார்.

நேற்று நான்காவது ஆட்டம். உள்ளூர் அணி இரண்டு ஜெயித்திருந்தது, வெளியூர் அணி ஒன்று. இதையும் ஜெயித்தால் கோப்பை உள்ளூருக்கு, ஐந்தாவதே கிடையாது. இருபது நொடி மிச்சம், உள்ளூர் ஒரு புள்ளி முன்னால். சின்னக் கடிகாரத்தில் மூன்று நொடி இருக்கும்போது வெளியூர்க்காரி ஒருத்தி எறிந்தாள். நாலு பேர் ஒன்றாகத் தாவினார்கள். வளையம் ஆடியது. அக்காவின் விரல் அழுத்தியது. பதினாலு.

வளையம் ஆடியது உண்மைதான். ஆட்டியது பந்து இல்லை. தாவியவள் ஒருத்தியின் விரல் வலையில் மாட்டி இழுத்துவிட்டது. பந்து காற்றிலேயே போய், வெளியூர்க்காரியின் கையிலேயே விழுந்தது. அழுத்திய மறு நொடி அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. மணியை அடித்து ஆட்டத்தை நிறுத்தியிருக்கலாம். அடிக்கவில்லை. பயம்தான், வேறென்ன. அரங்கமே எழுந்து கத்துகிறது, மூன்று நடுவர்களும் தள்ளுமுள்ளையே பார்க்கிறார்கள், இவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கிடைத்திருக்கவே கூடாத நேரத்தில் அந்த அணி பந்தைச் சுற்றிச் சுற்றிக் கொடுத்து, ஒன்பதாவது நொடியில் கூடையில் போட்டது. மிச்ச நொடிகளில் உள்ளூரால் ஒன்றும் போட முடியவில்லை. ஒரு புள்ளியில் வெளியூர் ஜெயித்தது. தொடர் இரண்டுக்கு இரண்டு.

ஆட்டம் முடிந்து மேசைக்காரர்கள் தங்கள் அறைக்கு வந்தார்கள். பெரிய கடிகாரக்காரர் ஆட்டத் தாளைச் சரிபார்த்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்: "நானும் பாத்தேன். விடும்மா. யாருக்கும் தெரியாது."

"உங்களுக்குத் தெரியுமேண்ணே."

"எனக்கு வயசாச்சு, மறந்துரும். இதோ பாரு, பதினஞ்சு நிமிஷத்துக்குள்ள எந்தக் கேப்டனும் தகராறுன்னு கையெழுத்துப் போடலைன்னா தாளை மூடிருவோம், அப்புறம் யாரும் இந்த முடிவைக் கிளற முடியாது. அடுத்த ஞாயிறு நீ அந்த நாற்காலியில உக்காரு. எத்தனை வருஷமாக் காத்திருக்க?"

நடந்ததைச் சொல்லக் கூடாது என்றுதான் அக்காவும் நினைத்தார் என்பதை மறைப்பதற்கில்லை. வாயைத் திறந்தால் அடுத்த ஞாயிறு மட்டுமா போகும்? இனி மேசைப் பக்கமே விடமாட்டார்கள். உடம்பு அப்படி அசந்திருந்தது. இப்படியே வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டால் தேவலை என்றிருந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளூர் அணியின் கேப்டன் வந்தாள். முப்பத்தாறு வயது, இந்த வருடத்தோடு ஆட்டத்தை விடுகிறவள். முழங்காலில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தாள். சண்டைக்கு வந்த முகம் இல்லை. அழுது முடித்த முகம்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. நான் கூடைக்கு அடியிலதான் நின்னேன். அந்தப் பந்து வளையத்துல பட்டுச்சா?"

"பட்டுச்சும்மா" என்று பெரிய கடிகாரக்காரர் முந்திக்கொண்டார். "அதான் வளையம் ஆடுச்சே."

"அப்படியா?" அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "எங்க பிள்ளைங்களும் அதான் சொல்றாங்க. எனக்குத்தான் கண்ணு போயிருச்சு போல. வயசாயிருச்சுல்லக்கா?" என்று சிரித்துவிட்டு, கதவுப் பக்கம் திரும்பினாள்.

சிரித்தாளே, அதைத்தான் அக்காவால் தாங்க முடியவில்லை.

"உன் கண்ணுக்கு ஒண்ணும் ஆகல" என்றார். "படல. நான்தான் தப்பா அழுத்திட்டேன்."

பெரிய கடிகாரக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். அக்கா அவரிடமிருந்து தாளை இழுத்து, கேப்டன் பக்கமாகத் திருப்பி வைத்து, அடியில் காலியாக இருந்த கட்டத்தில் கட்டைவிரலை ஊன்றினார்.

"இங்க போடும்மா. சீக்கிரம். இன்னும் நாலு நிமிஷம் இருக்கு."