சந்தில் வைத்திருந்த படையல்

என் கணவருக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. புது மெஷினைப் பழகிவர அவரைச் சீனாவுக்கு அனுப்பினார்கள். ஊர் பார்க்கும் ஆசையில் நானும் கூடப் போனேன்.

ஒரு சாயங்காலம் பழைய கடைத்தெருவைச் சுற்றினோம். குச்சியில் குத்திப் பொரித்த தேளை அவர் ரசித்துத் தின்ன, எனக்குக் குமட்டியது. பசியோடு பக்கத்துச் சந்துக்குள் ஒதுங்கினேன். அங்கே சுவரோரமாகச் சோறு, பழம், இட்லி போன்ற வெள்ளைப் பண்டம் எல்லாம் வைத்து, ஊதுபத்தி ஏற்றியிருந்தார்கள். பக்கத்தில் யாருமில்லை. நான் பெரியபாளையத்தில் பிறந்தவள். ஆடி மாதத்தில் அம்மனுக்குப் படைத்ததை எங்கள் தெருவில் யாரையும் கேட்காமல் எடுத்துச் சாப்பிடுவோம். அதே நினைப்பில் கும்பிட்டுவிட்டு, ஒரு பண்டத்தை எடுத்து வாயில் போட்டேன்.

எதிர் வாசலில் ஒரு பெண்மணி இமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். திட்டவில்லை. சற்று நேரம் பிடித்தபடியே நின்று, பெருமூச்சு விட்டார்.

"இன்னாடி, எத்த எடுத்துத் துன்னுகினு கீற?" என்று கணவர் ஓடிவந்தார்.

"பிரசாதம்னு நெனச்சேங்க."

அவர் செல்போனை நீட்ட, அந்தப் பெண்மணி அதில் பேசினார். திரையில் தமிழில் வந்தது: "நாதியில்லாமல் செத்தவர்களுக்காக வைத்தது. உயிரோடு இருப்பவர்கள் தொடமாட்டார்கள். அதனால்தான் கை சூடாக இருக்கிறதா என்று பார்த்தேன்."

இப்போதெல்லாம் எங்கள் ஊர்ப் படையலைக்கூட நானாக எடுப்பதில்லை. யாராவது கையில் கொடுத்தால்தான் வாங்குகிறேன். வாங்கும்போது, அந்தக் கை சூடாக இருக்கிறதா என்றும் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.